முன்னறைச் சுவரில் சிவப்புக் கோடு

தகவல் உரிமைச் சட்டப்படி, கேட்டதற்கு முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அரசுப் பணியில் இருந்தபோது இருபத்தொன்பதாம் நாளில் பதில் அனுப்பியவன் நான். சாலையை அகலப்படுத்த எங்கள் முன்னறைச் சுவரில் நகராட்சி ஆட்கள் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அறை இடிபடுமா என்று அந்தச் சட்டப்படி மனுப் போட்டுக் கேட்டிருந்தேன். அறுபது நாளாகியும் பதில் இல்லை. வாசலில் பைக் நின்றாலே தபால்காரர் என்று எழுந்து ஓடினேன்.

"ஏனுங்க, கோடு செவுத்துலதானுங்க போட்டாங்க. நீங்க எதுக்குச் சோறில்லாமக் கெடக்கறீங்க?" என்றாள் மனைவி.

மேல்முறையீடு எழுதிக்கொண்டிருந்த காலையில் சைரன் அலறியது. மொட்டைமாடிக்கு ஓடினோம். நேராக வந்த தெரு, எங்கள் முன்னறை துருத்திய இடத்தில் மட்டும் குறுகியிருந்தது. அங்கேதான் ஆம்புலன்ஸ் சிக்கி நின்றது, எதிரே ஒரு பள்ளி வேன்.

கீழே இறங்கி, தெருவோரம் நான் வைத்திருந்த பூந்தொட்டிகளை இருவரும் இழுத்தோம். விதிப்படி அவையும் ஆக்கிரமிப்புதான். ஆம்புலன்ஸ் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு பெண் எங்களையே பார்த்தாள். வண்டி சுவரை உரசிக்கொண்டு போனது.

"இன்னமும் அப்பீல் போடறீங்களாங்க?"

"அந்த அலமாரியை ஒரு கை புடி அம்மணி. பின்னாடி ரூமுக்குக் கொண்டுபோயிரலாம்."

அன்றே முன்னறையைக் காலி செய்தோம். மேல்முறையீட்டை அனுப்பவில்லை. அறை இடிபடும் என்ற பதில் ஆடிப் பதினெட்டு அன்று வந்தது.