என் போனில் இரண்டு ரேவதிகள்

நான் திருச்சானூரில் இருக்கிறேன். கை எம்பிராய்டரி செய்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு இரண்டு தோழிகள் கிடைத்தார்கள். ஒருத்தி சித்தூர், இன்னொருத்தி சூளூர்பேட்டை. இருவர் பெயரும் ரேவதி. என் போனிலும் வெறும் ரேவதிதான். செய்தியைப் படித்துவிட்டு, வேலை முடிந்ததும் பெயரைத் தேடிப் பதில் போடுவேன்.

சென்ற மாதம் சூளூர்பேட்டை ரேவதி முதன்முறையாக என்னைப் பார்க்க வந்தாள். ரோஜாப்பூ தைத்த குழந்தைச் சட்டையைக் கொடுத்தேன்.

"யாருக்குக்கா இது?"

"உன் கொழந்தைக்குத்தான். மாசமா கீறேன்னு எழுதினியே?"

"அது சித்தூர் ரேவதி எழுதினதுக்கா. எனக்கு அஞ்சாம் மாசமே கலைஞ்சி போச்சி. அதைச் சொன்னதுக்கு, 'சந்தோஷம், நல்லா துன்னு'ன்னு போட்டீங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

போனைத் திறந்தேன். 'அழாதே, அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும்' என்ற என் செய்தி சித்தூருக்குப் போயிருந்தது. அவள் வெறும் கேள்விக்குறி அனுப்பியிருந்தாள். உடனே அழைத்தேன்.

"பயந்துக்கினு போயி ஸ்கேன் எடுத்தேன்க்கா. கொழந்த நல்லா கீது" என்றாள்.

எதிரில் இருந்த சூளூர்பேட்டை ரேவதியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சட்டையை மடித்து என்னிடமே தந்தாள். "பூ நல்லா வந்துகீதுக்கா. அவளுக்கே அனுப்பிடுங்க."

இப்போது எல்லாப் பெயரோடும் ஊரையும் சேர்த்திருக்கிறேன். யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் எழுதுவதில்லை. போன் செய்து, குரலைக் கேட்ட பிறகே பேசுகிறேன்.