மூடி இல்லாத தூக்கு

நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, அல்லிநகரத்துக்கு வெளியே புதிதாகப் பிளாட் போட்ட தெரு ஒன்றுக்குக் குடிவந்தோம். எல்லா வீட்டுக்கும் ஆள் உயரக் காம்பவுண்டு, இரும்பு கேட். கேட் திறக்கும், வண்டி வெளியே போகும், கேட் மூடும். அந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது கேபிள்காரருக்கு மட்டும்தான் தெரியும் என்பார் அப்பா. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. டவுன் என்றால் அப்படித்தானாம்.

அப்பா காய்கறி லாரி ஓட்டினார். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறிவிட்டால் போன் எடுக்காது. திரும்பி வர இரண்டு மூன்று நாள் ஆகும். அம்மாவுக்கோ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்குப் போக அவளுக்குத் தாய்வீடு கிடையாது. பெற்றவர்கள் இருவரும் முன்பே போய்விட்டார்கள். அப்பா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது வலி வந்தால், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர அம்மாவுக்கு இருந்த ஒரே ஆள் நான். எங்கள் கேட் தாழ்ப்பாளே எனக்கு எம்பினால்தான் எட்டும்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா மடியில் ஓர் எவர்சில்வர் தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புத்தம் புதிது. மூடியை மட்டும் காணோம்.

"யாரோ நம்ம கேட்டுல மாட்டிட்டுப் போயிருக்காக. பேரு வெட்டல, பாரு. யாருதுன்னு ஒவ்வொரு வீடாக் கேட்டுட்டு வாத்தா" என்றாள்.

எங்கள் வீட்டில் கரண்டிக்குக்கூடப் பெயர் வெட்டியிருக்கும். பெயர் இல்லாத அந்தத் தூக்கின் மேல் எனக்கு ஒரே பரிதாபமாகிவிட்டது. அடுத்தவர் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது என்பதால் அம்மா சீயம் சுட்டு அதில் நிரப்பினாள். "அவுகளுது இல்லைன்னாலும் பலகாரத்த எடுத்துக்கிறச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினாள்.

முதலில் பச்சை கேட் வீடு. உத்தமபாளையத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்திருந்தவர்கள். அந்த வீட்டு அத்தை தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்களுது இல்லையேம்மா" என்றார். ஆனால் பலகாரத்தை எடுத்துக்கொண்டு வெறும் தூக்கைக் கொடுக்க அவருக்கும் மனசு வரவில்லை. நிறையப் பேரீச்சம்பழம் போட்டுக் கொடுத்தார். அம்மா மறுநாள் அதில் வேறொன்றைப் போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்பினாள். யாருக்கும் சொந்தமில்லாத அந்தத் தூக்கு இப்படியே ஒரு நாளும் காலியாகத் திரும்பாமல் தெருவைச் சுற்றத் தொடங்கியது.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வெளியே ஒரே மாதிரி இருக்கிற கேட்டுகளுக்குப் பின்னால் எத்தனை விதமான வீடுகள்! கேட்டுக்குப் பின்னால் எப்போதும் ஒரு நாய் குரைக்கும் வீட்டு அத்தை பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை போட்டுத் தூங்குவார். நான் பயந்த அந்த நாய் அவரைப் பார்த்துப் பயந்தது. கடைசி வீட்டு மாமா ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் வைத்திருந்தார். கதவைத் திறந்ததும் ஏலக்காய் வாசனை என்மேல் வந்து மோதியது. "எந்தா மோளே?" என்று பாதி மலையாளத்தில் கேட்டார். அவர் தூக்கில் போட்ட ஏலக்காயை அம்மா முகர்ந்து முகர்ந்து பார்த்தாள்.

ஒவ்வொரு நாளும் அம்மா என்னை விடாமல் கேட்பாள். "வீட்டுல யாரு யாரு இருந்தாக? நர்ஸ் எப்ப எந்திரிப்பாகளாம்? ஜீப்பு என்னைக்கு வீட்டுல நிக்குமாம்?" நான் பெரிய மனுஷி மாதிரி எல்லாம் சொல்வேன். தூக்குக்காரர்தான் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்குத்தான் இருந்தது. அம்மாவிடம் துளியும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வேர்வை. அப்பா மலைக்கு அந்தப் பக்கம்.

"ஏத்தா, தூக்கு கொண்டுபோன வீட்டுக்கெல்லாம் போயி, அம்மாவுக்கு வலி வந்துருச்சுன்னு சொல்லு. ஓடு."

ஓடினேன். பழக்க தோஷத்தில் தூக்கையும் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். நர்ஸ் அத்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டைத் திறந்தவர், "என்னத்தா, வெறுந் தூக்கோட வந்துருக்க?" என்றார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் ஓடினார். நாயும் பின்னால் ஓடியது.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. தெருவில் எல்லா கேட்டும் திறந்து கிடந்தன. ஜீப் மாமா ரிவர்ஸிலேயே தெரு முழுக்க வந்தார். பச்சை கேட் அத்தை எங்கள் அடுப்பை அணைத்து, வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு ஜீப்பில் ஏறினார். குடிவந்த நாளிலிருந்து எதிரெதிர் வீட்டில் இருந்த நர்ஸ் அத்தையும் ஜீப் மாமாவும் அந்த ஜீப்பில்தான் முதன்முதலாகப் பெயர் கேட்டுக்கொண்டார்கள்.

தம்பி கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தான். "இன்னுங் கொஞ்சம் பொறுத்திருந்தா புள்ளைய பாத்திருக்க முடியாது" என்று நர்ஸ் அத்தை சொன்னபோது, பச்சை கேட் அத்தை என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

அப்பா மறுநாள் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்துத் திகைத்து, என் காதில், "யாருத்தா இவுகல்லாம்?" என்றார்.

வீட்டுக்கு வந்த அன்று அம்மாவின் டிரங்குப் பெட்டியில் தம்பிக்குப் பழந்துணி தேடினேன். அடியில் ஒரு எவர்சில்வர் மூடி கிடந்தது. எடுத்து வந்து தூக்கின் மேல் வைத்தேன். டக்கென்று உட்கார்ந்துகொண்டது.

"யம்மா! யாரு வீட்டுத் தூக்குக்கோ நம்ம மூடி சரியாச் சேருதும்மா!"

அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாத்தா, அதிசயந்தான்" என்றாள்.

அந்த அதிசயத்தை என்னால் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. மூடி போட்ட தூக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் திறந்து மூடிக் காட்டினேன். எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். எல்லோரும் அதிசயந்தான் என்றார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.