பந்தி பார்க்கும் உஸ்தாத்

ரசவாளி இடக்கையில், கரண்டி வலக்கையில். இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஓர் ஆள் நேராக நடக்க முடியாத சந்தில் கோட்டைச்சாமி நண்டுபோலப் பக்கவாட்டில் போகிறார். எதிரே சோற்றுக்கூடையோடு வருகிறவரை உரசாமல், குனிந்திருக்கும் தலைகள்மேல் ஒரு சொட்டும் சிந்தாமல் கடைசிவரை போய்த் திரும்புகிறார். திரும்பும்போதே தன் ஆட்களில் ஒருவரை அதட்டுகிறார்: “நெஞ்சக் காட்டாதப்பா, தோளக் காட்டு! நெஞ்சுங்கறது வாசக்கதவு மாதிரி. தெறந்து வச்சா எவனும் உள்ள வந்துருவான்.” சாப்பிடுகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு சத்தமாகச் சொல்கிறார்.

காரைக்குடி வட்டாரத்தில் கல்யாணமோ காரியமோ, பந்தி பரிமாற ஆட்களைக் கூட்டிவருவது அவர் தொழில். வயது அறுபதை நெருங்குகிறது. தலை முழுக்க வெள்ளை. மீசை மட்டும் மைக்கறுப்பு. “தலைமுடி வயசச் சொல்லும், மீச ஆளச் சொல்லும்” என்பார். ஈரத் துணியில் உள்ளங்கால்களைத் துடைத்துக்கொண்ட பிறகே பந்திக்குள் இறங்குவார். வழுக்காமல் இருக்கப் பிடி வேண்டுமாம்.

பட்டாளத்தில் பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்று அழைப்பார்கள். கோட்டைச்சாமி அங்கே பல வருடம் உஸ்தாத்தாக இருந்தவர். துப்பாக்கியைத் தூக்கக்கூட இடமில்லாத அறைக்குள், வெறுங்கையால் எதிரியை மடக்கச் சொல்லிக் கொடுத்தவர். ஒருமுறை செயல்முறை காட்டும்போது ஒரு மேலதிகாரியையே தரையில் சாய்த்ததாக ஒரு கதை வைத்திருக்கிறார். நான் முதலில் கேட்டபோது அந்த அதிகாரி கேப்டன். அடுத்த வாரம் கர்னல் ஆனார். இப்போது ஜெனரலாக இருக்கிறார்.

அவரைத் தேடி நான் அலைந்ததற்குக் காரணம் ஒரு திருட்டு. என் கணவர் முத்தப்பன் போன ஆவணியில் தவறிய பிறகு, அந்தப் பெரிய வீட்டில் இரண்டே பேர்தான் இருந்தோம்: நானும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சுபாவும். ஐப்பசியில் ஒரு ராத்திரி பின்வாசல் வழியாகப் புகுந்தவர்கள், சத்தம் கேட்டு எழுந்து வந்த சுபாவைத் தானிய அறைக்குள் தள்ளி வெளியே தாழ் போட்டுவிட்டு, பித்தளைச் சாமான்களை அள்ளிக்கொண்டு போனார்கள். விழுந்ததில் அவளுக்குத் தோள்மூட்டு விலகிவிட்டது. வீடு தெருவுக்குத் தெரு நீளம். முன்னறையில் படுத்திருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. விடிந்து வெகுநேரமாகியும் காப்பி வராததால் தேடிப் போனேன்.

செய்தி கேட்டதும், என் கணவரின் பெரியப்பா மகன் ஞானசம்பந்தம் சென்னையிலிருந்து போன் செய்தார். “தையில படைப்புக்கு வாரோம்ல, அப்பப் பேசி முடிச்சுருவோம். வீட்டப் பூட்டிட்டு நீ மகன்கிட்டப் போயிரு தேனம்மை. ரெண்டு பொம்பளையாளுக இம்புட்டுப் பெரிய வீட்டுல எதுக்கு?” படைப்பு என்பது முன்னோருக்குச் சேலை வேட்டி வைத்துக் கும்பிட்டு, பங்காளிகள் எல்லோரும் பூர்வீக வீட்டில், எங்களுக்கெல்லாம் பொதுவான இந்த வீட்டில், கூடி உண்ணும் நாள். எனக்குப் போக மகன் வீடு இருந்தது, மனம்தான் இல்லை. சுபாவுக்கு இந்த வீட்டை விட்டால் வேறு கூரை கிடையாது.

விசாரிக்க வந்த போலீஸ்காரர்தான் அந்தப் பெயரைச் சொன்னார். “வீட்டுக்குள்ள புகுந்தவன மடக்க எங்களுக்கு ட்ரெய்னிங்ல ஒரு பட்டாளத்துக்காரர் சொல்லிக் குடுத்தாரு ஆச்சி. கோட்டைச்சாமின்னு பேரு, திருப்பத்தூர்ப் பக்கம். வாய்தான் கொஞ்சம் நீளம்.”

திருப்பத்தூரில் சந்தைக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். புதுவயலில் ரைஸ்மில் காவலுக்குப் போனதாகச் சொன்னார்கள். மில்லில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார்: “அவரா? மொதலாளி காருக்கு சல்யூட் வைக்கச் சொன்னாக. ‘சல்யூட்டு ஆளுக்குத்தான்யா, வண்டிக்கு இல்ல’ன்னு சொல்லிட்டு அன்னைக்கே கெளம்பிட்டாரு.” திருக்கோஷ்டியூர்க் கோயில் வாசலில் தேங்காய் விற்கும் அம்மா, போன தெப்பத்துக்குக் கூட்டத்தை அவர்தான் விலக்கிவிட்டார், பிறகு கண்ணில் படவில்லை என்றார். கைக்கட்டோடு என்கூடப் பஸ்ஸில் வந்த சுபா கேட்டாள்: “பட்டாளத்துக்காரரத் தேடுறமா ஆச்சி, அவுத்துக்கிட்டுப் போன மாட்டத் தேடுறமா?”

கடைசியில், படைப்புக்கு வாடகைப் பாத்திரம் சொல்லிவைக்க பீர் முகம்மது கடைக்குப் போனபோது, எதற்கும் இருக்கட்டும் என்று அவரிடமும் கேட்டேன். அண்டாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“நம்ம உஸ்தாத்தையா தேடுறீக? நல்லாருக்கு ஆச்சி! ஒங்க வீட்டுக் காரியத்துக்குப் பந்தி பாத்ததே அவருதானே!”

அந்த நாளில் வந்துபோன முகம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. ஒரு குரல் மட்டும் நினைவிருந்தது. கூட்டம் என்னையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ ஒரு கிண்ணத்தில் மோர்ச்சோறு கொண்டுவந்து வைத்து, “ரெண்டு வாய் போதும் ஆச்சி. நான் மறச்சு நின்னுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, எனக்கு முதுகு காட்டிச் சுவர்போல நின்றார். அன்று நான் சாப்பிட்டது அந்த இரண்டு வாய்தான்.

கல்யாண மண்டபத்தின் பின்புறம் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தவரைப் போய்ப் பார்த்தோம். விஷயத்தைக் கேட்டதும் மீசையை நீவினார். “பொம்பளையாளுகளுக்குச் சொல்லிக் குடுத்ததில்லையே ஆச்சி. நான் யாரு? கேப்டனையே கீழ போட்டவன்...” அதற்குள் அவர் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். அவர் மனைவியின் குரல் மண்டபத்துக்கே கேட்டது: “அடுப்படியில இருந்த பல்லிய நானே வெரட்டிட்டேன். இனிமே பயப்படாம வீட்டுக்கு வரலாம்!”

தோள் விலகிய நாளிலிருந்து சிரிக்காத சுபா, கைக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோட்டைச்சாமி போனை அணைத்து வேட்டியில் துடைத்தார். “பல்லி வேற, பகையாளி வேற” என்றார் விறைப்பாக. “மார்கழியில முகூர்த்தம் கெடையாது. அப்ப வாரேன். இந்தத் தாயி கையும் தேறிரும்.”

வீட்டுக்குள் நுழைந்தவர், திருவிழாக் கடைத்தெருவுக்கு வந்த பிள்ளையாகிவிட்டார். முகப்பு, நடுமுற்றமான வளவு, வளவைச் சுற்றி அறைகள், அதற்குப் பின்னால் இருட்டு நடை, அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, அடுப்படி. ஒவ்வொரு கதவையும் இழுத்து மூடித் திறந்து பார்த்தார். “யம்மாடி! ப்ளைவுட்டுலயும் சாக்குலயும் வீடு மாதிரி கட்டி வச்சு எம்புட்டு வருசம் சொல்லிக் குடுத்தேன்! இந்த மாதிரி ஒண்ணு கெடச்சிருந்தா...” அடுப்படியிலிருந்து திரும்புகையில், பேச்சு முடிவதற்குள் இருட்டு நடையின் உயரமான நிலைப்படியில் கால் இடறி, நீட்டிய கையோடு உள்ளே போய் விழுந்தார்.

“அங்குட்டுப் படி இருக்குண்ணே” என்றாள் சுபா, கொஞ்சம் தாமதமாக.

வெகுநேரம் அவர் எழுந்திருக்கவில்லை. அடிபட்டுவிட்டதோ என்று பயந்தோம். படுத்தபடியே அந்தப் படியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். “தாயி, இருட்டுல நீ இதத் தாண்டுவியா?” “கண்ண மூடிக்கிட்டே தாண்டுவேன்.” “அப்பப் பாதி வேல முடிஞ்சுபோச்சு” என்று எழுந்தார். “இதத் தாண்டுற எவனும் ஒரு நொடி ஒத்தக் கால்லதான் நிப்பான். ஒத்தக் கால்ல நிக்கிறவன் பயில்வானா இருந்தாலும் பச்சப்புள்ளதான்.”

அடிக்க அவர் கற்றுத் தரவே இல்லை. கதவு மறைவில் எப்படி நிற்பது, மூச்சை எப்படி அடக்குவது, படி தாண்டுகிறவனின் சட்டைக் கையைப் பிடித்து அவன் வருகிற திசையிலேயே எப்படி இழுத்துவிடுவது, விழுந்தவனைத் திரும்பிப் பார்க்காமல் எப்படி வெளியே வந்து தாழ் போடுவது. இவ்வளவுதான் பாடம். சுபாவின் தோள் தேறியதும் தன்னையே இழுத்துத் தள்ளச் சொன்னார். விழுந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார், “இன்னொருக்கா!” என்றார்.

கத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. “ஐயோன்னு கத்தாத தாயி. ஐயோன்னா அவனுக்குத் தைரியம் வந்துரும். ‘யார்றா அது’ன்னு கேளு. ஒன் வீடு, நீதான் கேக்கணும்.” சுபாவுக்கு வேற்று ஆளை ‘டா’ போட வாய் வரவில்லை. “யாருங்கடா நீங்க?” என்றாள். உஸ்தாத் தலையில் அடித்துக்கொண்டார். “வாரவனுக்குக் காப்பி குடுப்ப போலருக்கே!” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆச்சி, நீங்க ஒருக்கா.” ஆவணியிலிருந்து அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியதில்லை, அழும்போதுகூட. வளவில் நின்று கத்தினேன். மேல்தளத்துப் புறாக்கள் எல்லாம் ஒன்றாகப் பறந்தன. “ஆங்! இதுதான்!” என்று கைதட்டினார். அன்று நன்றாகத் தூங்கினேன்.

தையில் படைப்புக்கு வீடு நிறைந்தது. கும்பிட்டு முடித்து இலை போடுவதற்கு முன், ஞானசம்பந்தம் வளவில் நின்றபடி பேச்சை எடுத்தார். “மார்கழியில எல்லாரும் கோலம் போடுவாக. நீங்க குஸ்தி போட்டீகளாக்கும்?” எல்லோரும் சிரித்தார்கள். “சரி, பேச்செதுக்கு? எம் மகன் அக்ஷயும் டிரைவர் வேல்பாண்டியும் பின்வாசல் வழியா வரட்டும். வளவுத் தூணத் தொட்டுட்டாகன்னா வீட்டப் பூட்டுறோம். தொடலைன்னா ஒங்க இஷ்டம்.” வேல்பாண்டி நிலைக்கதவு அகலம். அவன் சுபாவைப் பார்த்து, “அக்கா, மெதுவாத்தான் வருவேன், பயப்படாதீக” என்றான்.

அவர்கள் வரும் வழி தவிர மற்றக் கதவுகளையெல்லாம் அடைத்தார்கள். நடுப்பகலிலும் நடையில் கை தெரியாத இருட்டு. சுபா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடைக்குள் கதவு மறைவில் போய் நின்றாள். நான் அடுப்படித் தூணுக்குப் பின்னால் நின்றேன். பந்திக்கு வந்திருந்த உஸ்தாத் நடைப் பக்கமே வரவில்லை. “பாக்க என்ன இருக்கு? அப்பளம் நமுத்துரும்” என்றாராம். ஆனால் காலி வாளியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார் என்று பிறகு பீர் முகம்மது சொன்னார்.

இருவரும் செல்போனில் விளக்குப் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள். வேல்பாண்டி படியில் கால் தூக்கினான்.

“யார்றா அது!”

வீடே அதிர்ந்தது. அது சுபாவின் குரல் என்று எனக்கே நம்ப ஒரு நொடி ஆனது. தொம்மென்று ஒரு சத்தம். செல்போன் எங்கோ உருண்டது. “அண்ணே, என்னாச்சு?” என்று பின்னால் ஓடிய அக்ஷய் அவன்மேலேயே விழுந்தான். வளவுப் பக்கத்துக் கதவில் தாழ் விழும் ஓசை கேட்டது. இந்தப் பக்கத்துக் கதவை நான் போட்டேன்.

“அக்கா! தெறங்கக்கா! முழங்கால் போச்சு!” உள்ளே வேல்பாண்டி கதவைத் தட்டினான். அக்ஷய் சிரிக்கிற சத்தமும் கேட்டது. நான் பக்கத்து நடைக் கதவைத் தட்டித் திறக்கச் சொல்லி வளவுக்கு வந்தபோது, கதவின் முன்னால் இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றிச் சுபா நின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். ஞானசம்பந்தம் தூணைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, “அடுத்த படைப்புக்கும் இங்கதான் வரணும் போலருக்கு” என்றார். “தெறந்து விடு சுபா. ஒன் வீட்டுல எங்களுக்கும் சோறு போடு.”

பந்தி அமர்ந்தது. முதல் பந்தி பங்காளிகளுக்கு. வேலை பார்ப்பவர்கள் கடைசியில் அடுப்படியில் சாப்பிடுவது வழக்கம். கோட்டைச்சாமி வந்தார். உள்ளங்கால்களைத் துடைத்துக்கொண்டார். ஞானசம்பந்தத்துக்கு அருகே குனிந்து, “செத்த அங்குட்டுத் தள்ளி உக்காருங்க” என்றார். அவர் நகர்ந்து இடம்விட்டு, “யாருக்கு?” என்று கேட்டார். உஸ்தாத் அந்த இடத்தில் ஓர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார். மின்விசிறிக் காற்றில் இலை எழும்பியது. சுபா கை கழுவிவிட்டு வந்து உட்காரும்வரை, அதன் நுனியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி குனிந்தே நின்றார்.