ஒன்பது பூ, ஒன்பது திசை

என் அக்காவிடம் பேசினால் அவள் நம் முகத்தைப் பார்க்க மாட்டாள். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருபத்தெட்டு வருடம் குனிந்து எழுதிய பழக்கம். கொலைகாரன் சொன்னாலும் சொத்துக்குச் சண்டை போடும் அண்ணன் தம்பி சொன்னாலும் ஒரு சொல் விடாமல் எழுதுவாள். நீதிபதி "திருப்பிப் படிங்க" என்றால், சமையல் குறிப்பு வாசிப்பதுபோல வாசித்துக் காட்டுவாள். அந்தக் காகிதங்களில் யார் யார் பெயரோ இருக்கும். அவள் பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

வீட்டுக்கு வந்தால் ஆர்க்கிட். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அதில் ஆர்க்கிட் இல்லாத இடம் அடுப்பு மட்டும்தான். ஈரம் பிடிக்கும் என்று குளியலறையிலேயே ஏழு தொட்டி. அத்தான் குளிக்க வேண்டுமானால் ஏழையும் வெளியே எடுத்து வைத்து, குளித்து முடித்து, அதே வரிசையில் திரும்ப உள்ளே வைக்க வேண்டும். வரிசை மாறினால் அன்றைக்கு அவர் செத்தார். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் பிழைக்கு பிரேக் போட்டுவிட்டு வரும் மனிதருக்கு வீட்டிலும் நிம்மதி கிடையாது. "ஒரு நாள் எல்லாத்தையும் தூக்கிக் குப்பைல போடுறேனா இல்லையா பாரு" என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அத்தனை தொட்டியில் ஒன்றின் மேல்தான் அக்காவுக்கு உயிர். கண்ணாடிக் குப்பிக்குள் விரல் நக அளவு நாற்றாக இருந்தபோது வாங்கி, ஏழு வருடம் வளர்த்த செடி. வெள்ளை இதழ், நடுவில் சுருண்ட மஞ்சள் உதடு. ஆர்க்கிட் சங்கம் வருடாவருடம் நடத்தும் கண்காட்சியில் ஒரு செடி எழுபத்தைந்து மதிப்பெண் வாங்கிவிட்டால், அதற்குப் பெயர் வைக்கும் உரிமை வளர்த்தவருக்கு வந்துவிடும். அந்தப் பெயர் பதிவேட்டில் ஏறும். செடியைப் பிரித்து எந்த நாட்டுக்குக் கொண்டுபோனாலும் அதே பெயரோடு போகும். அக்கா வைக்க நினைத்தது தன் பெயரை. என்னிடம் மட்டும்தான் சொன்னாள். சொல்லும்போதே, ஐம்பத்திரண்டு வயதில், வெட்கப்பட்டாள்.

இந்த வருடம் ஒரே தண்டில் ஒன்பது மொட்டு. அந்த நேரம் பார்த்து நான் மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டேன். எனக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? வேறு ஊரிலிருக்கும் என் வீட்டுக்கு மூன்று வாரம் லீவு போட்டு வந்துவிட்டாள். கிளம்புமுன் அத்தானுக்குப் பதினான்கு குறிப்புகள் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். மழைத்தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். இலை இடுக்கில் தண்ணீர் தேங்கக் கூடாது. பக்கத்தில் வாழைப்பழம் வைக்கக் கூடாது, மொட்டு உதிர்ந்துவிடும். இந்த ரீதியில் பதினான்கு. போனிலும் தினம் ஒரு விசாரணை. "எல்லாம் நல்லா இருக்கு, வந்து பாரு" என்பதற்கு மேல் அத்தான் வாயைத் திறக்கவில்லை.

கண்காட்சி அன்று காலை, கட்டுக் காலோடு என்னையும் இழுத்துக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மண்டபத்துக்கு வந்தாள். அத்தான் அதற்குள் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே செடியைக் கொண்டுவந்து, உள்ளே ஒப்படைத்து, வாசலில் மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். அக்கா செடியைப் பார்க்க ஓடும்போதே சங்கச் செயலாளர் மறித்தார். நடுவர்கள் சொல்வதை எழுத வேண்டிய ஆள் வரவில்லையாம். அக்காவின் கை வேகம் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். "நீங்கதான் காப்பாத்தணும்" என்று கையில் நோட்டைத் திணித்துவிட்டார். செடிகளுக்கு எண் மட்டும்தான் உண்டு. எழுதுகிறவர் தன் செடி எது என்று மூச்சுக்கூட விடக் கூடாது. விட்டால் அந்தச் செடி போட்டியிலேயே இல்லை.

நானும் அத்தானும் காரில் காத்திருந்தோம். பின் சீட்டு முழுக்க என் கால்.

"பதினாலையும் ஒண்ணு விடாம செஞ்சேன்" என்றார் அத்தான். "அதோட நானா ஒண்ணு சேர்த்துக்கிட்டேன். ஜன்னல் பக்கம் இருக்கிற மொட்டுக்கு மட்டும் வெளிச்சம், மத்தது என்ன பாவம் பண்ணிச்சு? அதனால தினம் காலைல தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி வெச்சேன்."

எனக்குச் செடியைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. "நல்ல யோசனை அத்தான்" என்று பாராட்டித் தொலைத்தேன்.

உள்ளே நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். நடுவர்கள் இரண்டு பேர்: ஒரு தாவரவியல் பேராசிரியர், ஒரு நர்சரிக்கார அம்மா. நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு வந்தபோது, இலையைப் பார்த்தே தன் செடி என்று தெரிந்துவிட்டது. பிறகுதான் பூவைப் பார்த்தாள். மொட்டு விட்ட பிறகு அந்தத் தொட்டியை அசைக்கவே கூடாது. பூக்கள் எல்லாம் வெளிச்சம் வரும் பக்கம் பார்த்து, வரிசையாக ஒரே முகமாக விரிய வேண்டும். இங்கே ஒன்பதும் ஒன்பது திசை. ஒன்று நடுவரைப் பார்க்கிறது, ஒன்று வாசலை, ஒன்று பின்னால் இருந்த சுவரை. சுவரில் ஒட்டிய காகிதத்தில் எழுத விட்டுப்போன ஒரே குறிப்பு அதுதான். தொட்டியைத் திருப்பலாம் என்று ஒரு மனிதனுக்குத் தோன்றும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"அருமையான செடி. வளர்க்கத் தெரிஞ்சவங்க கை. ஆனா யாரோ தொட்டியைத் திருப்பிக் கெடுத்துட்டாங்க" என்றார் பேராசிரியர். "பூ அடுக்குக்கு மார்க் கிடையாது. மொத்தம் எழுபத்தொண்ணு."

அக்கா எழுதினாள். அத்தானைக் கொன்றுவிடலாம் போல வந்தது என்றாள்.

நர்சரிக்கார அம்மா மட்டும் நகராமல் பூக்களையே சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். "ஒவ்வொரு பூவும் முந்தின பூவிலிருந்து ஒரே அளவு தள்ளித் திரும்பியிருக்கு, பாருங்களேன். திருப்பினவர் ஒரு நாள்கூட விடல. இதையும் எழுதிக்கோங்கம்மா."

அதையும் எழுதினாள்.

வெளியே வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். சண்டை வெடிக்கப்போகிறது என்று நான் காலை மடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"என்ன சொன்னாங்க? ஒண்ணு விடாம படி" என்றார் அத்தான்.

கோர்ட்டுக் குரலில் ஆரம்பித்தாள். செடி அருமை, வளர்த்த கை, யாரோ திருப்பிக் கெடுத்தது, எழுபத்தொன்று. அத்தான் முகம் செத்துப்போனது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "நானா கெடுத்தேன்?" என்றார்.

அக்கா அடுத்த வரிக்குப் போனாள். "திருப்பினவர் ஒரு நாள்கூட..." அதற்கு மேல் குரல் வரவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் அவள் பாதியில் நிறுத்திய முதல் வரி அது. அழுதுகொண்டே அதை முடித்தாள்.

"இன்னொரு தடவை படி."

"என்னால முடியாதுங்க. நீங்களே பாருங்க" என்று நோட்டை அவர் மடியில் போட்டாள்.

சுருக்கெழுத்து அவருக்கு எங்கே தெரியும்? கோழி கிண்டிய மாதிரி இருந்த அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார்.

அக்கா விரலை வைத்துக் காட்டினாள்.