மூக்கு திரும்பி வந்த பஸ்

ஜூலை பதினான்காம் திகதி, காலை எட்டே கால், தூறல். பல்லேபொலயிலிருந்து மாத்தளைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். குளியலறையில் விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியாது. இனி வரவே வராது என்று பயந்திருந்தேன்.

திடீரென்று மூக்கில் ஏதோ ஏறியது.

"தூரியன் பழம் கொண்டாந்தது யாருங்க? பஸ்ஸே நாறுது!" என்று கண்டக்டர் கத்தினார்.

பக்கத்து இருக்கை வியாபாரி தன் மூட்டையைக் காலால் மறைத்தார். நான் குனிந்து அதை முகர்ந்தேன்.

"மணக்குதுங்க! நல்லா மணக்குது!"

"ஐயாவுக்குத் தலையில கிலையில அடிபட்டுருச்சா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க, ரெண்டு வருசமாச்சு! இன்னைக்குத்தான் மூக்கு திரும்பி வந்துச்சு!"

பஸ்ஸே சிரித்தது. வியாபாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக் கராம்பு வாசனைக்காகத்தான் அத்தனை நாளும் ஏங்கினேன். முதலில் வந்ததோ தூரியன். அதற்கும் நான் குறை சொல்லவில்லை. பேரம் பேசாமல் ஒரு பழம் வாங்கினேன்: ஆயிரத்து இருநூறு ரூபாய்.