கீழுதட்டுச் சாட்சி

குடல் அடைத்துக்கொண்டு நான் சாகக் கிடந்தபோது, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் என் வயிற்றை அறுத்து, இடப்பக்கம் ஒரு வாசல் வைத்து அனுப்பினார்கள். மலம் இனி அந்த வழியாகத்தான் வரும் என்றார் டாக்டர். இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சந்தவாசலில் தையல் கடை வைத்திருந்த எனக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஊரார் சட்டைக்கெல்லாம் பொத்தான் துளை போட்டவனுக்கே ஒருத்தர் துளை போட்டுவிட்டாரே என்று சொல்லி நானே முதலில் சிரித்தேன். மற்றவர்கள் சிரிப்பதற்குள் நாம் முந்திக்கொள்வது நல்லது.

அந்த வாசலில் குடலின் நுனி செக்கச்செவேலென்று வெளியே தெரியும். தொட்டால் வலிக்காது. ஆனால் அதற்கு நேரம் காலம் கிடையாது. பாதிரியார் வந்து ஜெபம் செய்யும்போதுதான் அது சத்தம் போடும். என் மனைவி அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். நினைத்த நேரத்துக்கு வருகிறது, உடனே கவனிக்கச் சொல்கிறது, கவனித்தாலும் முறுக்கிக்கொள்கிறது, வேறென்ன பேர் வைப்பது என்றாள். துணிக்குப் பஞ்சமான நாட்கள் அவை. கடையில் மிஞ்சிய வெட்டுத்துணிகளை அடுக்கித் தைத்து மாப்பிள்ளைக்கு மெத்தை செய்தேன். அதை இழுத்துக் கட்டக் காடாத்துணியில் ஓர் இடுப்புப் பட்டையும் தைத்தேன். என் கையால் தைத்ததிலேயே அளவு பிசகாமல் அமைந்தது அந்தப் பட்டைதான்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டர் சொன்னது என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. "தெனமும் காலைல அதோட நெறத்தப் பாருங்க. கீழ் உதட்ட மடிச்சா உள்ள ஒரு செவப்பு தெரியும் பாருங்க, அதே செவப்பு இருக்கணும். வெளுத்தாலும் கறுத்தாலும் உடனே வந்துடுங்க." வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மறுபடி அறுக்க வேண்டியிருக்கும் என்றார். எனக்குக் கத்தரிக்கோல் பழக்கம், கத்தி பழக்கமில்லை. ஒரு தடவை பிழைத்ததே மாதாவின் புண்ணியம், இன்னொரு தடவை அறுத்தால் திரும்பி வரமாட்டேன் என்று மனத்தில் விழுந்துவிட்டது.

அதன் பிறகு எதற்கெடுத்தாலும் பயம். தும்மினால் குடல் வெளியே வந்துவிடுமோ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டேன். மிஷினை மிதித்தால் வயிற்றுத் தையல் பிரியுமோ என்று காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினேன். தினமும் விடிந்ததும் ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் உட்காருவேன். கீழுதட்டை மடித்துக் காட்டுவேன். மனைவி குனிந்து வயிற்றைப் பார்ப்பாள், நிமிர்ந்து உதட்டைப் பார்ப்பாள். "சரியாத்தான் கீதுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்குக் கஞ்சி இறங்கும்.

இதற்கிடையே படவேட்டிலிருந்தும் கண்ணமங்கலத்திலிருந்தும் உறவுக்காரர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். நலம் பாதி, அந்த வாசல் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசை பாதி. எனக்கோ நாற்றம் அடித்துவிடுமோ என்ற கவலை. வந்தவர்களுக்கு வைத்த தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கும் கிராம்பும் ஏலக்காயும் வைத்து நானும் மென்றேன். வாய் மணத்தில் வயிற்று மணம் அடங்கிவிடும் என்பது என் கணக்கு. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் விட்டிருந்த பழக்கம் மறுபடி ஒட்டிக்கொண்டது. என் மனைவி மிஷன் பள்ளியில் வளர்ந்தவள், வெற்றிலைக் காவி அவளுக்கு ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து அதற்காக என்னோடு சண்டை போட்டவள், பிழைத்து வந்த மனுஷன்தானே என்று இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

பத்து நாள் போயிருக்கும். ஒரு நாள் காலையில், "கொஞ்சம் வெளுத்தாப்ல கீதுங்க" என்றாள். மறுநாள் இன்னும் வெளுத்திருந்தது. கடைக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி நானே பார்த்தேன். வெள்ளைத் துணியில் ஏழு வெள்ளை பிரித்துச் சொல்லும் கண் இது, தப்பாது. உதடு ஒரு சிவப்பு, மாப்பிள்ளை வேறு சிவப்பு. நான்காம் நாள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கடைக்குப் போய், பாதி தைத்துக் கிடந்த சட்டைகளில் யாருடையது என்று சீட்டு எழுதிக் குத்தி வைத்தேன். செத்தவன் கடையில் துணி மாறிப்போயிற்று என்ற கெட்ட பேர் எனக்கு வேண்டாம்.

அன்றே வேலூருக்குக் கிளம்பினோம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரிப்புகையில் ஓடிய காலம். ஜவ்வாது மலைக் கரியை வயிறு நிறையப் போட்டுக்கொண்டும் எங்கள் பஸ் ஒரு மேட்டில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார்கள். நான் பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். ஆம்பளை உட்கார்ந்திருக்கிறானே என்று யாரோ முணுமுணுத்தார்கள். என் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். என் பங்குக்கும் சேர்த்து அவள் தள்ளியதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. சாகக் கூடாது என்று உண்மையிலேயே ஆசைப்பட்டது அப்போதுதான்.

டாக்டர் மெத்தையை அவிழ்த்துப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். என் மனைவி விடவில்லை. "இல்லீங்கய்யா. அவரு உதட்டப் பாருங்க, அப்புறம் இதப் பாருங்க. எவ்ளோ வெளுத்துப்போச்சு" என்றாள். நான் உதட்டை மடித்துக் காட்டினேன். டாக்டர் கிட்டே வந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா திடீரென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

"வெத்தல போடுறீங்களா?" என்றார் டாக்டர்.

பிறகு என் மனைவியின் உதட்டை மடித்துக் காட்டச் சொன்னார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே காட்டினாள். மாப்பிள்ளையும் அந்த உதடும் ஒரே சாயத்தில் தோய்த்த மாதிரி இருந்தன. வெளுத்தது மாப்பிள்ளை இல்லை, சிவந்தது நான். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்தது வெற்றிலை உதட்டைத்தான். காவி ஏறிய உதடே என் சொந்த உதடு என்று அவளும் நம்பியிருந்தாள், ஏழு வெள்ளை பிரித்த நானும் நம்பியிருந்தேன்.

திரும்பும்போது கண்ணமங்கலத்தில் பஸ் நின்றதும், "பதினெட்டு வருஷமா சொன்னேன், கேட்டீங்களா?" என்றாள். வழக்கில் ஜெயித்தவள் குரல் அது. ஆனால் கண் கலங்கியிருந்தது.

வெற்றிலையை நான் விடவில்லை. அதனால் மறுநாளிலிருந்து சாட்சி மாறியது. அவள் உதட்டை மடித்துக் காட்டுவாள், நான் பார்த்துச் சொல்வேன். பின்னால் ஒரு தடவை எங்களுக்குள் பெரிய சண்டை, எதற்கென்றுகூட இப்போது நினைவில்லை. மூன்று நாள் பேச்சில்லை. அந்த மூன்று நாளும் விடிந்ததும் அவள் ஜன்னலருகே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், கீழுதட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சரியாத்தான் கீது" என்று நான் சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள்.