அக்காவின் எண்

எனக்கு நல்ல மனசு என்று யாராவது சொன்னால் இன்றும் எரிச்சல் வரும். அந்த நல்ல மனசால்தான் என் வேலை போனது.

எண்பதுகளின் நடுவில் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருந்தேன். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்ட வேண்டும். ஒரு தட்டு முடிந்ததும் அதிலுள்ள சீட்டில் அவரவர் எண்ணை எழுதுவோம். யார் எவ்வளவு செய்தார் என்று ஆபீசுக்குச் சொல்வது அந்தச் சீட்டுதான்.

பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா. கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகள். பத்து வருடம் அதையே உற்றுப் பார்த்துக் கண் மங்கிவிட்டது. தட்டு குறைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் எங்கள் வரிசையில் ஆளுக்கு ஒரு தட்டில் அக்காவின் எண்ணை எழுதிவிடுவோம். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அதுவாகவே வழக்கமாகிவிட்டது. நான் பக்கத்தில் இருந்ததால் பல நாள் இரண்டு தட்டு, மூன்று தட்டு.

பிறகு அந்த மிஷின் வந்தது. கம்பி எங்கெங்கே வர வேண்டும் என்று ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும், தானாகவே ஒட்டிக்கொண்டு போகும். இனி வரிசைக்கு ஒரே ஆள், அதிகத் தட்டு முடித்தவர் மட்டும் என்றார்கள். சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். முதலில் வந்தது அக்கா. நான் எழுதிக் கொடுத்த தட்டுகள் என் கணக்கில் இருந்திருந்தால் முதலில் வந்திருப்பது நான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். மற்ற எல்லோருக்கும் மாதக் கடைசியோடு வேலை முடியும், போகும்போது கொஞ்சம் நஷ்டஈட்டுப் பணம் தருவோம் என்றார்கள்.

என் சம்பளத்தில்தான் தங்கை படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மார்க்கெட் ஸ்திரீட் முனையில் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரே வந்து பேசினார்.

“நான் ஆபீஸ்ல உண்மைய சொல்லிட்றேன், தங்கச்சி.”

“சொல்லுங்க லா! அடுத்தவங்க நம்பர எழுதுனா டிஸ்மிஸ். உங்களுக்கும் வேலை இல்ல, எங்களுக்கும் அஞ்சு வெள்ளிகூட கிடைக்காது. சந்தோஷமா சொல்லுங்க.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

மிஷினில் டிவி மாதிரி ஒரு திரை இருந்தது. சிப் அதில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்ததால் அக்காவின் கண்ணுக்குச் சிரமமில்லை. ஆனால் கண் மங்கிய பிறகு வந்த புது சிப்பில் எதை எதோடு சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் செய்து பழகியவர்கள் நாங்கள். கோபம் போகாமலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் ஒவ்வொரு இடமாகக் காட்டினேன். கம்பியைக் கொஞ்சம் தூக்கி வளைப்பது என் பழக்கம். மிஷினும் அப்படியே தூக்கி வளைத்தது. பார்க்க எனக்கு அழுகை வந்தது.

கடைசி நாள் சூப்பர்வைசர் வந்து அக்காவைப் பாராட்டினார். நம் தமிழர்தான். அக்கா எழுந்து நின்றார்.

“இதுக்குச் சொல்லிக்குடுத்தது நான் இல்ல சார், இந்தப் புள்ள. என்னைய அனுப்பிட்டு இவள வச்சிக்குங்க.”

ஒரு நிமிடம் எனக்கு ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

“யாரு சொல்லிக்குடுத்தா என்னம்மா? அது கத்துக்கிச்சி லா. இனிமே யாரு உக்காந்தாலும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிசைக்குப் போனார்.

அக்கா நின்றுகொண்டே இருந்தார். நான்தான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். மிஷின் ஒரு தட்டை முடித்துத் தள்ளியது. அக்கா சீட்டை எடுத்து என் எண்ணை எழுதினார். அடுத்த தட்டுக்கும் எழுதினார். வேலை முடிந்து மணி அடிக்கும்வரை எல்லாத் தட்டிலும் என் எண்ணையே எழுதிக்கொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை.